கயிற்றுக்குப் போட்ட பூஜை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓர் ஆயுத பூஜை நாள் காலையில், மங்கலம்பேட்டையைத் தாண்டி உள்ளே போகும் மண் ரோட்டின் கடைசியில், ஒரு பெரிய பாறையின் அடியில் இது நடந்தது. நான் கடலூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். படிப்பு எட்டாவதோடு சரி, அதனால் எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட் மூடியிருக்கும்போதெல்லாம் என் வேனில் வரும் பிள்ளைகள், "அங்கிள், அந்தத் தேனீக் கதைய சொல்லுங்க" என்பார்கள். நான் ஆரம்பித்துப் பாதி வருவதற்குள் ரயில் போய் கேட் திறந்துவிடும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். இதுவரை ஒரு பிள்ளையும் முழுசாகக் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது என் மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூலில் யாரோ பாறை ஏறும் பயிற்சி பற்றிச் சொல்ல, நானும் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கடலூர்ப் பையன் ஒருவர், விளையாட்டுப் பயிற்சி படித்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். வேன் என்னுடையது என்பதால் ஓட்டிக்கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது.

அந்தப் பாறை நாலு மாடி உயரம் இருக்கும். முன்பக்கம் செங்குத்து. பின்பக்கம் மெதுவாகச் சரிந்து, ஆடுகள்கூட மேலே போய்ப் படுத்திருக்கும். முதல் நாள் நான் மாஸ்டரிடம், "பின்பக்கமா நடந்தே போலாமே தம்பி, எதுக்கு இந்தப் பக்கமா போய் கஷ்டப்படணும்?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகள் மட்டும் என்னைத் தெரியாதவள் மாதிரி வேறு பக்கம் பார்த்தாள்.

ஏறுவது எப்படி என்றால், உச்சியில் பாறையில் ஓர் இரும்பு வளையம் அடித்திருக்கிறார்கள். அதன் வழியாகக் கயிறு போய்த் திரும்பி வரும். ஒரு முனை ஏறுகிற பிள்ளையின் இடுப்பில். இன்னொரு முனை கீழே நிற்கிற ஆளின் இடுப்பு வாரில் மாட்டியிருக்கும் ஒரு சின்ன இரும்பு வழியாக வரும். பிள்ளை ஏற ஏறக் கீழே இருப்பவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கை வழுக்கினாலும் பிள்ளை அந்தரத்தில் தொங்குமே தவிர விழாது. ஆனால் கீழே நிற்பவர் வலது கையை மட்டும் கயிற்றிலிருந்து எடுக்கவே கூடாது.

சில வாரம் போனதும் மாஸ்டர் அந்த வேலையை எனக்கும் பழக்கிக் கொடுத்தார். "உங்க வெயிட்டு நமக்கு வரம்ணா" என்றார். வீட்டில் என் வெயிட்டைக் குறைக்கச் சொல்லி என் மனைவி ராத்திரிச் சோற்றை நிறுத்திக் கோதுமை தோசை ஊற்ற ஆரம்பித்திருந்த சமயம் அது. அன்றைக்கே போய், "இது பிள்ளைங்க பாதுகாப்பு விஷயம்" என்று சொல்லி மறுபடியும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

உச்சிக்குப் போனதும் பிள்ளை தன் இடுப்பிலிருக்கும் குட்டிக் கயிற்றை அந்த வளையத்தில் மாட்டிக்கொண்டு, "மாட்டிட்டேன்" என்று கத்த வேண்டும். அந்தச் சத்தம் காதில் விழும்வரை கீழே இருப்பவர் கயிற்றை விடக் கூடாது. என்ன ஆனாலும் விடக் கூடாது என்று மாஸ்டர் ஒவ்வொரு வாரமும் சொல்லுவார்.

பாறையின் வலது ஓரத்தில், குடை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அடியில், மலைத்தேனீ அடைகள் மூன்று தொங்கின. ஒவ்வொன்றும் முறம் அளவு இருக்கும். அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது, சென்ட் போட்டு வரக் கூடாது, கத்தக் கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். "அது அவுங்க வீடு. நாம வாடகைக்கு வந்தவங்க" என்பார். அவ்வளவு நாளும் அவை எங்களைக் கண்டுகொண்டதே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. நான் டிரைவர். வேனுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, டயரில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் ஒரு வருடமும் விட்டதில்லை. அந்த வருடம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊர்ப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டிக்குப் பூஜை போடுகிறோமே, என் சொந்தப் பிள்ளையைத் தாங்குகிற கயிற்றுக்குப் போட வேண்டாமா? மாஸ்டரிடம் சொன்னேன். "தாராளமா பண்ணலாம்ணா" என்றார்.

என் மச்சானுக்கும் போன் போட்டேன். மனைவியின் தம்பி, பெண்ணாடத்தில் இருக்கிறார். பூஜை, விசேஷம் என்றால் முதல் ஆளாக வந்து எடுத்துக் கட்டிச் செய்வார். ஆனால் பூச்சி என்றால் மட்டும் உயிர் போய்விடும். எங்கள் வீட்டில் ஒருநாள் கரப்பான் பூச்சி பறந்ததற்குக் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு, இறங்கமாட்டேன் என்று அங்கேயே டீ வாங்கிக் குடித்தார். அதைச் சொல்லிச் சொல்லியே நான் அவரைக் கேலி செய்வேன்.

அன்றைக்கு விருத்தாசலத்தில் அவரை ஏற்றிக்கொண்டோம். பெண்ணாடத்துக்காரர் கையை வீசிக்கொண்டு வருவாரா? ஒரு கட்டு கரும்பு, பூசணிக்காய், பொரி, கடலை, தேங்காய், பெரிய வெண்கல மணி, சாம்பிராணி போட ஒரு மண் சட்டி, இதெல்லாம் போதாதென்று உட்கார ஒரு ஜமுக்காளம். "கோயில் கும்பாபிஷேகத்துக்கா போறோம் மச்சான்?" என்றேன். "செய்றத நறுவிசா செய்யணும் மாமா" என்றார்.

பாறையடியில் இடம் கூட்டித் தண்ணீர் தெளித்தோம். கயிற்றில் மட்டும் எதையும் தடவ வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டதால், தலைக்கவசங்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் விபூதிப் பட்டை அடித்துச் சந்தனப் பொட்டு வைத்தோம். என்னுடையதையும் கழற்றி அங்கேயே வைத்தேன். பார்ப்பதற்கு மொட்டைச் சாமியார்கள் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மச்சான் சட்டியில் கரியைப் போட்டு ஊதும்போது மாஸ்டர் மெதுவாக வந்து, "சூடம் மட்டும் போதாதாண்ணா? புகை கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"சாம்பிராணி இல்லாம என்ன தம்பி பூஜை?" என்றார் மச்சான்.

நானும், "கொஞ்சமா போட்டுக்கலாம் மாஸ்டர், ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் போனார்.

உச்சியிலிருக்கும் வளையத்துக்கும் மாலை போட வேண்டும் என்றாள் என் மகள். அதுதானே எல்லோரையும் தாங்குகிறது. வைத்த தலைக்கவசங்களில் தன்னுடையதை எடுத்துப் பட்டையும் பொட்டுமாகவே தலையில் மாட்டி, சாமந்தி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். நான் கயிற்றைப் பிடித்தேன். முதலில் மாலை, அவள் இறங்கி வந்ததும் பூஜை என்பதுதான் ஏற்பாடு.

அவள் பாதிகூட ஏறவில்லை, மச்சான் போனை எடுத்துப் பார்த்தார்.

"மாமா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம்."

"பாப்பா மேல போயி மாட்டட்டும் மச்சான்."

"அவ ஆடி அசைஞ்சி போறதுக்குள்ள நல்ல நேரம் போயிடும். அவ மேலருந்தே கும்பிட்டுக்கட்டும்."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. மகள் உச்சி விளிம்பைப் பிடித்து, காலைத் தூக்கிப் போட்டு, அந்தப் பக்கம் மறைந்தாள். கயிறு அசையாமல் நின்றது. இனி "மாட்டிட்டேன்" வர வேண்டும். அதற்குள் மச்சான் சூடத்தைக் கொளுத்தி, கை நிறைய சாம்பிராணி அள்ளிக் கரியில் போட்டார். கொஞ்சமாக என்று நான் சொன்னது அவருக்கு அவ்வளவுதான். புகை குபுகுபுவென்று எழுந்தது. மணி ஓங்கி ஒலித்தது. எல்லோரும் கண்ணை மூடிக் கை கூப்பினார்கள்.

என்னால் கை கூப்ப முடியாது. கயிறு இருக்கிறது. கண்ணையும் மூட முடியாது, மேலே பார்க்க வேண்டும். அதனால் நடந்ததை முதலில் பார்த்தது நான் ஒருவன்தான். புகை நேராகப் போகாமல் காற்றில் சாய்ந்து, பாறையைத் தடவிக்கொண்டே வலது ஓரத்துக்குப் போனது. அங்கே தொங்கிய அடை ஒன்றின்மேல் கறுப்புப் போர்வையை உதறுவது போல ஓர் அலை ஓடியது. அப்புறம் அடுத்ததிலும். பிறகு ஒரு சத்தம். டிரைவர் புத்தி, மெயின் ரோட்டில் ஏதோ லோடு லாரி மேட்டில் இழுக்க முடியாமல் இழுக்கிறது என்று நினைத்தேன்.

லாரி இல்லை.

மாஸ்டர் கெட்டிக்காரர். "யாரும் கைய ஆட்டாதீங்க, முகத்த மூடிக்கிட்டு வேனுக்கு ஓடுங்க" என்று பிள்ளைகளை ஒருவர் விடாமல் தள்ளிக்கொண்டு ஓடினார். மச்சான் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். பூஜைத் தட்டைப் போட்டுவிட்டார், பூசணிக்காயைத் தாண்டிக் குதித்தார், கையிலிருந்த மணியை மட்டும் விடத் தோன்றவில்லை. ணங் ணங் என்று அடித்துக்கொண்டே ஓடினார். வேன் கதவு சாத்திய பிறகும் உள்ளேயிருந்து மணிச் சத்தம் வந்தது. மனுஷன் கை அப்படி நடுங்கியிருக்கிறது.

நான் தனியாக நின்றேன்.

"மாட்டிட்டேன்" இன்னும் வரவில்லை. விளிம்புக்கு அந்தப் பக்கம் அவள் என்ன செய்கிறாள் என்று கீழிருந்து தெரியாது. தேனீ அங்கேயும் போயிருந்தால்? பயத்தில் ஓர் அடி பின்னால் வைத்தால்? அவள் உயிருக்கும் தரைக்கும் நடுவில் இந்தக் கயிறு ஒன்றுதான் என்று நினைத்தேன். கால் ஓடச் சொன்னது. கை விட மறுத்தது.

முதல் கடி காதில். அடுத்தது தலையில். என் தலையில் முடி கிடையாது என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன். தலைக்கவசம் விபூதி பூசிக்கொண்டு சாமியாராக உட்கார்ந்திருக்கிறது, என் மண்டை வெயிலில் பளபளவென்று திறந்து கிடக்கிறது. தேனீக்களுக்கு அன்றைக்குத்தான் பந்தி. தட்டிவிட வலது கையை எடுக்கக் கூடாது. இடது கையால் ஒன்றை நசுக்கினேன், அதைத் தேடிப் பத்து வந்தன. நசுக்கிய தேனீயின் வாசனைக்கே மற்றவை வரும் என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார். பிள்ளைகளே, நீங்கள் நசுக்காதீர்கள்.

"மாட்டிட்டியாம்மா?" என்று கத்த வாயைத் திறந்தேன். ஒன்று வாய்க்குள் வந்துவிட்டது. துப்பிவிட்டு வாயை இறுக்கி மூடினேன். மனசுக்குள்ளேயே, சாமி, உனக்குத்தானே பூஜை போட்டோம், இது என்ன நியாயம் என்று கேட்டேன்.

அப்போது வேன் கதவு திறந்தது. கோடு போட்ட ஒரு ஜமுக்காளம் இறங்கி ஓடி வந்தது. கீழே இரண்டு கால் மட்டும் தெரிந்தது. கண் தெரியாமல் அது என்னைத் தாண்டிக் கரும்புக் கட்டில் போய் இடித்து நின்றது.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"இங்க."

குரல் வந்த பக்கம் திரும்பி வந்து, ஜமுக்காளத்தோடு என்னைக் கட்டிப்பிடித்து மூடியது. உள்ளே ஒரே இருட்டு, வியர்வை, சாம்பிராணி வாசனை. எங்களோடு சில தேனீக்களும் உள்ளே வந்துவிட்டன.

"வாங்க மாமா, ஓடிடலாம்."

"பாப்பா மாட்டிட்டேன்னு சொல்லல மச்சான்."

"அப்ப நானும் நிக்கிறேன்" என்றார். கரப்பான் பூச்சிக்குக் கட்டிலில் ஏறியவர். அழுதுகொண்டேதான் சொன்னார்.

"நீ எதுக்கு மச்சான், நீ போ."

"போர்வைய யார் புடிப்பாங்க? பேசாம நில்லுங்க. மாமா, உங்க சட்டைல ஒண்ணு ஏறுது."

"ஏறட்டும்."

"இல்ல மாமா. இப்ப என் சட்டைக்கு மாறிடுச்சி."

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தொப்பை ஆடியது, தொப்பை ஆடினால் ஜமுக்காளம் தூக்கியது, தூக்கிய சந்தில் இன்னும் இரண்டு உள்ளே வந்தன. "சிரிக்காதீங்க மாமா, உங்க கால்ல விழுறேன்" என்றார் மச்சான்.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. ஒருவழியாக மேலேயிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"அப்பா, பூஜை முடிஞ்சிடுச்சா?"

"மாட்டிட்டியா?" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம்.

"அப்பவே மாட்டிட்டேன். ஏன், ரெண்டு பேரும் போர்வைக்குள்ள என்ன பண்றீங்க?"

அங்கேயே உட்காரு, எட்டிப் பார்க்காதே, மாஸ்டர் வருவார் என்று சொல்லிவிட்டுக் கயிற்றை விட்டேன். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன, நிமிரவில்லை. ஒரே ஜமுக்காளத்துக்குள் நாலு காலோடு வேனுக்கு ஓடினோம். உள்ளே போய்ப் போர்வையை எடுத்ததும் எங்கள் முகத்தைப் பார்த்து ஒரு சின்னப் பெண் அலறியது. மற்ற பிள்ளைகள் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார்கள், அப்புறம் சிரித்துவிட்டார்கள். தேனீக்கள் அடங்கிய பிறகு மாஸ்டர் தூரமாகச் சுற்றிப் போய்ப் பின்பக்கமாக அவளைக் கூட்டி வந்தார். அவள்மேல் ஒரு கடிகூட இல்லை. மற்ற பிள்ளைகளுக்கும் ஒன்றிரண்டோடு போனது.

விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்கு மாஸ்டர்தான் வேனை ஓட்டினார். எனக்கு ஒரு கண் மூடிவிட்டது, மச்சானுக்கு இரண்டும். நர்ஸ் அம்மா கொடுக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துக்கொண்டே, "எல்லாரும் வண்டிக்குப் பூஜை போடுவாங்க. நீங்க தேனீக்குப் போட்டீங்களா?" என்று கேட்டார். ஊசி போட்டு, சாயங்காலம் வரை படுக்க வைத்தார்கள். சிலருக்கு இந்த விஷம் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு அடைத்துவிடுமாம், சுண்ணாம்பு தடவிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது, உடனே வர வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கடலூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்த என் மனைவி, அடுத்தடுத்துப் படுத்திருந்த எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நர்ஸிடம், "இதுல என் வீட்டுக்காரர் யாரு?" என்று கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

மாஸ்டர் என் கட்டில் ஓரத்தில் வந்து நின்றார். "புகை ஆகாதுன்னு எனக்குத் தெரியும்ணா. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்க பூஜைல நான் போயி இது வேணாம்னு சொன்னா வேற மாதிரி ஆயிடுமோன்னு விட்டுட்டேன்" என்றார். எனக்குக் கடித்த வலியைவிட அது வலித்தது. அவர் வாயைத் திறந்து சொல்ல வந்தபோது, ஒண்ணும் ஆகாது என்று அடைத்தவன் நான்தானே. "இனிமே நீங்க சொல்றதுதான் தம்பி. சாமியே வந்து சாம்பிராணி கேட்டாலும் உங்கள கேட்டுட்டுதான் போடுவேன்" என்றேன்.

அப்புறம்தான் மகளை விசாரித்தோம். மேலே போனதுமே அவள் மாட்டிவிட்டாள். "மாட்டிட்டேன்" என்று கத்தத் திரும்பினால் மணிச் சத்தம். சூடம் காட்டும்போது பேசக் கூடாது என்று அவள் அம்மா சின்ன வயசிலிருந்து தொடையில் கிள்ளிக் கிள்ளிப் பழக்கியிருக்கிறாள். அதனால் கண்ணை மூடிக் கை கூப்பி நின்றுவிட்டாள். மணி ரொம்ப நேரம் நிற்கவே இல்லையாம். மாமா இன்றைக்கு ரொம்ப விசேஷமாகச் செய்கிறார் என்று நினைத்து, ஸ்கூல் பரீட்சை, அம்மா உடம்பு, அப்பா வெயிட்டு என்று எல்லாவற்றுக்கும், மணி நின்ற பிறகும்கூட, நிதானமாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். வேனுக்குள் மச்சான் கை நடுங்கிய மணி அது.

சொல்லும்போது சிரித்துக்கொண்டே வந்தவள், என் கையைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"நான் பத்திரமாதாம்பா இருந்தேன். நீ சும்மா ஒரு கயித்தப் புடிச்சிக்கிட்டு இவ்ளோ கடி வாங்கிருக்க."

பக்கத்துக் கட்டிலிலிருந்து, கண் திறக்க முடியாமலே மச்சான் கேட்டார். "அப்ப நான் வாங்குனதெல்லாம் வேஸ்ட்டா?"

அந்த வார்டே சிரித்தது. கரப்பான் பூச்சிக் கதையை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை. இதில் எழுதியதுகூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

என் மகள் இப்போது சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். திங்கட்கிழமை காலையில் கடலூரில் பஸ் ஏற்றிவிட்டு நான் வேனை எடுப்பேன். சில நாள் தோழிகளோடு பேசிக்கொண்டே கிளாசுக்குப் போய்விடுவாள், போன் வராது. அவள் பத்திரமாக இருப்பாள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஸ்கூல் வாசலில் வேனை நிறுத்திவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பிள்ளைகளே, எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீங்கள் அந்தப் பக்கம் பத்திரமாக மாட்டிக்கொண்டு நிற்பது, இந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்திருப்பவருக்குத் தெரியாது.